சீரி என்பவர் யார்? குர்தியால் சிங்கை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

பஞ்சாபி நாவல் பக்கம் முதன்முறையாகப் போகிறவர்களிடம் குர்தியால் சிங்கின் பெயரைச் சொல்லும்போது, கூடவே ஒரு சொல்லையும் கொடுத்துவிடுவது நல்லது: சீரி. அது என்னவென்று தெரியாமல் அவருடைய முதல் நாவலான ‘மடி தா தீவா’வைப் படித்தால், யாரோ ஒரு ஏழைப் பண்ணையாளின் சோகக் கதை என்று தோன்றும். கண் கலங்கும், புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். தெரிந்து படித்தால் அந்த நாவலில் யார் மேல் கோபப்படுவது என்பதே குழம்பிப்போகும். அந்தக் குழப்பத்தை உண்டாக்கத்தான் அவர் எழுதினார் என்பது என் எண்ணம்.

சீரி என்பவர் நிலமில்லாத விவசாயத் தொழிலாளி. பஞ்சாபில் சட்லெஜ் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் பகுதிக்கு மால்வா என்று பெயர். பதிண்டா, ஃபரீத்கோட், சங்ரூர் எல்லாம் அங்கேதான். அங்கே நிலம் பெரும்பாலும் ஜாட் சாதியினர் கையில். நிலமில்லாத தலித் குடும்பத்து ஆண் ஒருவர், ஜாட் விவசாயி ஒருவரோடு ஒரு வருடத்துக்கு வேலை பேசிக்கொள்வார். நாளுக்கு இவ்வளவு கூலி என்ற பேச்சே கிடையாது. விளைச்சலில் பங்கு. நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று, சில இடங்களில் பத்தில் ஒன்று என்று ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். உழவு, விதைப்பு, தண்ணீர் பாய்ச்சல், அறுப்பு, மாடு கன்றுக்குத் தீவனம் வெட்டுவது, ராத்திரிக் காவல் எல்லாம் அவர் வேலை. பல வீடுகளில் அவருடைய மனைவியும் சம்பளமில்லாமல் சாணி அள்ளப் போக வேண்டியிருக்கும்.

பங்கு என்றதும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விவரம் புரியும். ஒரு கற்பனைக் கணக்கு: வயலில் 100 மூட்டை கோதுமை விளைந்தது, சீரியின் பங்கு ஐந்தில் ஒன்று, அதாவது 20 மூட்டை. விதைச் செலவிலும் தீவனச் செலவிலும் அவருக்கு அதே விகிதம் உண்டு, அது 4 மூட்டைக்குச் சமம். வருட ஆரம்பத்தில் மகள் கல்யாணத்துக்காக வாங்கிய முன்பணம் வட்டியோடு 12 மூட்டை மதிப்புக்கு வந்து நிற்கிறது. நடுவில் வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்துவந்த தானியம் 7 மூட்டை. கூட்டினால் 23. வருடம் முழுக்க உழைத்தவர் 3 மூட்டை கடனோடு களத்தை விட்டு வீட்டுக்குப் போகிறார். கடன் தீராமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய கடனை அடைத்து அழைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடன் போய் இன்னொரு கடன்.

இதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். இரண்டு பேரும் ஒரே ஏரைப் பிடித்தவர்கள், ஒரே பனியில் தண்ணீர் பாய்ச்சியவர்கள். மால்வாவின் ஜாட் விவசாயிகளில் பலர் தாங்களே சேற்றில் இறங்கி வேலை செய்தவர்கள். மாடியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஜமீன்தார்கள் அல்ல. அப்பன் காலத்திலிருந்து மகன் காலம் வரை இரண்டு குடும்பங்கள் சேர்ந்தே உழைத்த இடங்கள் உண்டு. முதலாளி வீட்டுப் பிள்ளை சீரியின் தோளில் ஏறி வளர்ந்திருப்பான். அந்த வீட்டிலிருந்துதான் சீரிக்கு ரொட்டி வரும். ஆனால் அவருக்கான தட்டும் டம்ளரும் தனியாக இருக்கும். பாசமும் தீண்டாமையும் ஒரே அடுப்படியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இதில் ஒன்று நிஜம், இன்னொன்று வேஷம் என்று குர்தியால் சிங் எங்கும் எழுதவில்லை. இரண்டுமே நிஜம் என்றுதான் எழுதினார்.

ஜக்சீரும் ஒரு துண்டு நிலமும்

‘மடி தா தீவா’ 1964-ல் வெளிவந்தது. மடி என்பது இறந்தவரை எரித்த இடத்தில் செங்கல்லோ மண்ணோ வைத்துக் கட்டும் சின்ன மேடை. அங்கே விளக்கேற்றுவார்கள். தீவா என்றால் விளக்கு. சீக்கிய மதநெறி இந்த மடி வழிபாட்டை ஏற்பதில்லை. ஆனாலும் கிராமத்து மக்கள் அதை விட்டதில்லை. தலைப்பிலேயே மதப் புத்தகத்துக்கு வெளியே வாழும் சனங்களின் நம்பிக்கையைத் தூக்கி வைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கதை சிக்கலே இல்லாதது. ஜக்சீர் ஒரு தலித் சீரி. தரம் சிங் என்ற ஜாட் விவசாயியிடம் வேலை செய்கிறான். அவனுடைய அப்பாவும் அதே குடும்பத்தில்தான் உழைத்தார். அந்த உழைப்புக்கு மரியாதையாக ஒரு துண்டு நிலத்தை இவர்கள் பயிரிட்டுக்கொள்ள விட்டிருக்கிறார்கள். வாய்ச்சொல்தான், எழுத்து கிடையாது. அந்த நிலத்தில் அப்பாவின் மடி இருக்கிறது, பக்கத்தில் மரம் நிற்கிறது. ஜக்சீருக்கும் அவன் அம்மா நந்திக்கும் அது ‘எங்கள் நிலம்’. தரம் சிங்குக்கும் அதில் மறுப்பில்லை. அவர் ஜக்சீரைக் கூடப்பிறந்தவன் மாதிரிதான் நடத்துகிறார்.

அடுத்த தலைமுறை வருகிறது. தரம் சிங்கின் மகன் பந்தா. அவனுக்கு அந்த நிலம் அப்பா பெயரில் இருக்கும் சொத்து, அவ்வளவுதான். ஒரு சீரி ஏன் அதில் பயிர் வைக்க வேண்டும்? அவன் மரத்தை வெட்டுகிறான். பந்தாவைக் கொடூரமானவனாகக் காட்டுவது எழுத்தாளருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. பந்தா சட்டப்படி சரியாகத்தான் பேசுகிறான். பட்டாவில் இருக்கும் பெயரைத்தான் சொல்கிறான். தரம் சிங்கோ நல்லவர். ஆனால் அவருடைய நல்ல மனதுக்குச் சொந்த வீட்டிலேயே செல்வாக்கு இல்லை, மனைவியும் மகன் பக்கம். நல்ல முதலாளி ஒருவர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் இங்கே உடைகிறது. நல்லவரின் வாக்கு அவர் ஆயுள் வரைக்கும்கூட நிற்கவில்லை.

இதற்கு நடுவில் பானி. நாவிதர் நிக்காவின் மனைவி. ஜக்சீருக்கு அவள் மேல் இருக்கும் பிரியமும், அவளுக்கு இவன் மேல் இருப்பதும் நாவல் முழுக்க ஓடுகிறது, பெரும்பாலும் பேச்சில்லாமல். ஜக்சீர் கல்யாணம் ஆகாதவன். நிலம், பெண், வாரிசு மூன்றும் இல்லாதவனுக்கு அந்த ஊரில் என்ன இடம் என்பதை எழுத்தாளர் எங்கும் விளக்குவதில்லை, அவனை நடக்கவிட்டுக் காட்டுகிறார். அவனுக்கு இருக்கும் ஒரே நண்பன் ரௌணகி. நாவலில் சிரிப்பு எங்காவது வருகிறதென்றால் அவனால்தான். கடைசி அத்தியாயங்களை இங்கே சொல்லிவிடப் போவதில்லை. தலைப்பே பாதியைச் சொல்லிவிட்டது.

‘ஜக்சீர் ஏன் எதிர்க்கவில்லை?’ என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அபின் போதையிலும் மௌனத்திலும் ஒரு தலித் நாயகன் கரைந்துபோவதைப் படிக்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும், அதுவும் எழுதியவர் தலித் இல்லை என்னும்போது. எனக்கும் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்த பக்கங்கள் உண்டு. ஆனால் அவன் எதை எதிர்க்க முடியும் என்று யோசித்தால் கேள்வி வேறு இடத்துக்குப் போகிறது. எதிரே இருப்பவன் தன் தோளில் வளர்ந்த பையன். கையில் காகிதம் இல்லை. கோர்ட்டுக்குப் போனால் காட்டுவதற்கு அப்பாவின் மடியைத் தவிர எதுவும் இல்லை.

காகிதம் ஏன் இல்லை

இந்தக் கேள்விக்கு நாவலுக்கு வெளியே ஒரு பதில் இருக்கிறது. பஞ்சாபி இலக்கிய அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1900-ல் பிரிட்டிஷ் அரசு பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வட்டிக்கடைக்காரர்கள் கடனுக்கு ஈடாக விவசாயிகளின் நிலத்தை விழுங்குகிறார்கள், இதனால் கலகம் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். ராணுவத்துக்கு ஆள் எடுத்ததும் அதே விவசாயக் குடும்பங்களிலிருந்துதான். அதனால் மாவட்டம் மாவட்டமாக ‘விவசாயச் சாதிகள்’ என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இருப்பவர் தன் நிலத்தைப் பட்டியலுக்கு வெளியே இருப்பவருக்கு நிரந்தரமாக விற்க அரசின் அனுமதி வேண்டும். வட்டிக்கடைக்காரரைத் தடுக்கப் போட்ட வேலி, பட்டியலில் இல்லாத எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டது. தலித்துகள் பட்டியலில் இல்லை. தச்சர், கொல்லர் போன்ற கைவினைச் சாதியினரும் பெரும்பாலும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வயலில் உழைத்தவர் சட்டத்தின் கண்ணில் விவசாயி இல்லை. அரசியல் சட்டம் வந்தபின் 1951-ல்தான் இது செல்லாமல் போனது.

நாபா, ஃபரீத்கோட், பட்டியாலா போன்ற சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் பஞ்சாபுக்கு வெளியே இருந்தவை என்பது உண்மை. குர்தியால் சிங்கின் ஊர் நாபா சமஸ்தானத்தில் இருந்தது. ஆனாலும் நிலம் யாருக்கு, உழைப்பு யாருக்கு என்ற ஏற்பாடு எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அதேதான். ஒரு ஜாட் விவசாயி மனசார ஒரு துண்டு நிலத்தைத் தன் சீரிக்குக் கொடுக்க நினைத்தாலும் அதை வாய்ச்சொல்லாக விட்டுவிடத்தான் அந்தக் காலம் பழக்கியிருந்தது. ஜக்சீரின் நிலத்துக்குப் பத்திரம் இல்லாததை யாரோ ஒருவரின் மறதி என்று தள்ளிவிட முடியாது.

மால்வா என்பதும் முக்கியம். சட்லெஜுக்கும் பியாஸுக்கும் நடுவே இருக்கும் தோவாபா பகுதியில் தலித்துகளுக்குத் தோல் தொழில் இருந்தது, ஜலந்தர் மாதிரி நகரங்கள் பக்கத்தில் இருந்தன, வெளிநாடு போன ஆட்களும் இருந்தார்கள். தலித்துகளுக்குத் தனி மத அடையாளம் கேட்ட ஆத் தர்ம இயக்கத்தை மங்கு ராம் 1926-ல் தொடங்கியது அங்கேதான். வயலைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத மால்வா கிராமத்தில் அந்த மாதிரி ஒரு குரல் எழுவது கடினம். ஜக்சீரின் மௌனம் அவனுடைய சுபாவம் மட்டுமில்லை, அந்த ஊரின் நிலவரமும்கூட.

தச்சுப்பட்டறையிலிருந்து

குர்தியால் சிங் 1933 ஜனவரி 10 அன்று பைனி ஃபத்தே என்ற கிராமத்தில் பிறந்தார். வளர்ந்தது, வாழ்ந்தது, எழுதியது எல்லாம் ஜைத்து என்ற சிற்றூரில். இன்று அது ஃபரீத்கோட் மாவட்டம். சுதந்திரப் போராட்ட வரலாறு படித்தவர்களுக்கு ஜைத்து பெயர் தெரிந்திருக்கலாம். 1923 செப்டம்பரில் அங்கே சீக்கியர்கள் நடத்திய அகாலி போராட்டத்தைப் பார்க்கப் போன ஜவஹர்லால் நேருவைக் கைது செய்து நாபா சிறையில் போட்டார்கள். கூடவே கைதான இருவரில் ஒருவர் ஆச்சார்யா கித்வானி, இன்னொருவர் தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர் கே. சந்தானம். இதற்கும் நாவலுக்கும் சம்பந்தமில்லை, ஊர்ப்பெயர் வந்ததால் சொன்னேன்.

குடும்பத் தொழில் தச்சு. வீட்டில் வறுமை. 12, 13 வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு அப்பாவோடு பட்டறையில் உட்கார்ந்தார். மாட்டுவண்டிச் சக்கரம் செய்வது, தண்ணீர்த் தொட்டிக்குத் தகடு அடிப்பது என்று ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வேலை.  14 வயதில் கல்யாணமும் ஆகிவிட்டது. பையனுக்குப் படம் வரைவதில் ஆசை, படிப்பிலும் ஆசை. மதன் மோகன் சர்மா என்ற ஜைத்துப் பள்ளித் தலைமையாசிரியர் அவனைக் கவனித்து, வீட்டுக்காரர்களிடம் பேசி, படிப்பைத் தொடரச் சொன்னார். அப்பாவுக்குப் படிப்பில் நம்பிக்கையில்லை. பகலில் பட்டறை, மிச்ச நேரத்தில் புத்தகம் என்று தனித்தேர்வராக மெட்ரிக் தேறினார்.

1954-ல் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியர் வேலை, மாதம் 60 ரூபாய் சம்பளம். அப்படியே பி.ஏ., எம்.ஏ. என்று படித்துக்கொண்டே போனார். 1971-ல் ஃபரீத்கோட் பிரிஜிந்திரா கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். பிறகு பஞ்சாபி பல்கலைக்கழகத்தின் பதிண்டா மையத்தில் பேராசிரியராக இருந்து 1995-ல் ஓய்வு பெற்றார். சக்கரம் இழைத்த கை பல்கலைக்கழகத்துக்குப் போனதைப் பலரும் வியந்து சொல்வார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். பேராசிரியரான பிறகும் அவருடைய நாவல்களில் பேராசிரியர் பேச்சு நுழையவில்லை. உரையாடல் எல்லாம் மால்வா வழக்கில்தான். லாகூர், அமிர்தசரஸ் பக்கத்துப் பஞ்சாபியை இலக்கிய மொழியாகப் பழகிய வாசகர்களுக்கு அது கரடுமுரடாகப் பட்டிருக்கும்.

தச்சர் என்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கிராமத்தில் தச்சருக்கும் கொல்லருக்கும் செப் என்ற ஏற்பாடு உண்டு. ஜாட் வீடுகளுக்கு வருடம் முழுக்கக் கலப்பை, அரிவாள், வண்டி எல்லாம் பழுதுபார்த்துக் கொடுத்தால் அறுவடை நேரத்தில் தானியம் அளப்பார்கள். அதாவது இவர்களுக்கும் நிலம் இல்லை, இவர்களுக்கும் கூலி களத்தில்தான். ஆனால் தலித்துகள்போல ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களும் இல்லை. ஜாட் வீட்டு முற்றம் வரை போகலாம், தலித் தெருவுக்கும் போகலாம், இரண்டிலும் முழுசாகச் சேர்த்தி இல்லை. தரம் சிங்கின் வீட்டுக்குள்ளே நடக்கும் சண்டையையும், ஜக்சீரின் குடிசையில் நந்தி புலம்புவதையும் ஒரே தூரத்தில் நின்று அவரால் எழுத முடிந்தது இந்த இடத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

1957-ல் கவிஞர் மோகன் சிங் நடத்திய ‘பஞ்ச் தரியா’ இதழில் முதல் சிறுகதை வந்தது. ஏழு வருடம் கழித்து ‘மடி தா தீவா’.

அதற்கு முன் பஞ்சாபி நாவல் எப்படி இருந்தது என்றால், தொடக்கம் பாய் வீர் சிங்கின் ‘சுந்தரி’, 1898. சீக்கிய வீரத்தையும் மதப்பற்றையும் ஊட்டும் கதை. அடுத்த பெரிய பெயர் நானக் சிங். 1932-ல் வந்த ‘சிட்டா லஹு’ தொடங்கி அவர் எழுதியவற்றைப் பஞ்சாபே படித்தது. சாதி, விதவை வாழ்வு, மதவெறி எல்லாவற்றையும் தொட்டார், ஆனால் வாசகரைத் திருத்திவிட வேண்டும் என்ற துடிப்பு கூடவே இருக்கும். கெட்டவன் திருந்துவான், காதல் தியாகமாக மாறும். 1950-ல் அம்ரிதா ப்ரீதமின் ‘பிஞ்சர்’ பிரிவினைக் காலத்துப் பெண்ணின் கதையைச் சொன்னது. கிராமத்தை எழுதியவர்களும் இருந்தார்கள், ஆனால் அந்தக் கிராமம் பெரும்பாலும் ஜாட் விவசாயியின் கிராமம். வரப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து வேலை செய்பவர் ஓரத்தில் வந்துபோவார். அவரை நடுவில் வைத்து, அவருக்கு ஆலோசனையும் சொல்லாமல், ஜெயிக்கவும் வைக்காமல் ஒரு முழு நாவலை எழுதியதுதான் 1964-ல் நடந்த புது விஷயம்.

டிராக்டர் வந்த பிறகு

நாவல் வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டே வருடத்தில், 1966-ல், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்து இறங்கியது. ஆழ்துளைக் கிணறு, டிராக்டர், உரம் என்று பஞ்சாப் தலைகீழாக மாறியது. விளைச்சல் கூடக்கூட, ‘இவ்வளவு விளைச்சலில் பங்கு கொடுப்பதா?’ என்ற யோசனை நிலக்காரர்களுக்கு வந்தது. பங்கு சுருங்கியது, பல இடங்களில் வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று மாறியது. சீரி என்ற பெயர் நின்றது, பங்கு போய்விட்டது. பிறகு பீகார், உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் ரயிலேறி வந்தார்கள். பந்தாவின் கணக்கு மொத்தப் பஞ்சாபின் கணக்காகிவிட்டது. நாவலாசிரியர் ஜோசியம் பார்த்து எழுதவில்லை. தன் தெருவில் அது ஏற்கெனவே தொடங்கிவிட்டதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அவருடைய மற்ற நாவல்கள் இந்த மாற்றத்தைத்தான் வெவ்வேறு மூலையிலிருந்து பிடிக்கின்றன. 1966-ல் வந்த ‘அணஹோயே’வில் வரும் பிஷ்ணா, தன் வீட்டை இடிக்க வரும் அதிகாரத்தோடு மல்லுக்கட்டுபவர். ஜக்சீர் ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்டவர்களுக்கு இவரைக் காட்டலாம். 1972-ன் ‘அத் சானணி ராத்’ ஒரு ஜாட் விவசாயியைப் பற்றியது. குடும்ப மானத்துக்காகக் கொலை செய்துவிட்டுச் சிறைக்குப் போன மோதன் ஊர் திரும்பும்போது, யாருக்காகச் செய்தானோ அந்தச் சொந்தங்களே வேறு ஆட்களாகிவிட்டிருக்கிறார்கள். இதற்கு 1975-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 90-களின் தொடக்கத்தில் வந்த ‘பர்ஸா’வின் நாயகன் பிராமணராகப் பிறந்து ஏர் பிடித்து உழுபவர், எந்தச் சாதிப் பெட்டியிலும் அடங்காதவர். பலர் இதைத்தான் அவருடைய மிகச் சிறந்த நாவல் என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் நீளமாகப் பட்டது. பர்ஸாவின் மேல் ஆசிரியருக்கே ஒரு பிரமிப்பு வந்துவிட்டதோ என்று தோன்றும்.

1976-ல் வந்த ‘அன்னே கோடே தா தான்’ தனியாகப் பேச வேண்டியது. தலைப்பின் பொருள் ‘குருட்டுக் குதிரைக்குத் தானம்’. கிரகண நேரத்தில் தானம் கேட்டுத் தெருவில் வருபவர்கள் எழுப்பும் கூவல் அது. கிராமத்தில் ஒரு தலித் வீடு இடிக்கப்படுகிறது. அப்பா அங்கே இருக்கிறார். மகன் மேலு நகரத்தில் சைக்கிள் ரிக்‌ஷா இழுக்கிறான். கிராமத்தை விட்டுப் போனால் விடிவு என்று நினைப்பவர்களுக்கு மேலுவின் நகரத்தைக் காட்டுகிறார். சீரி வேலையின் கடன் போய், ரிக்‌ஷா வாடகையும் வேலைநிறுத்தமும் பசியும். ‘பெரிய’ சம்பவம் எதுவும் கிடையாது, ஆட்கள் அதிகம் பேசுவதும் கிடையாது. நாவல் என்றால் திருப்பம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் பொறுமை இழப்பார்கள்.

அந்தப் பேசாமையைத் திரையில் பிடித்தவர் இயக்குநர் குர்விந்தர் சிங். இதே பெயரில் 2011-ல் அவர் எடுத்த படம் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சிறந்த இயக்கம், சிறந்த ஒளிப்பதிவு, சிறந்த பஞ்சாபி மொழிப் படம் என்று மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. படத்தில் பனிமூட்டம் மூடிய வயல்வெளியில் போர்வை போர்த்திய ஆண்கள் வரிசையாக நடந்து வருவதையும், முகங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டே கேமரா நிற்பதையும் பார்த்தால், குர்தியால் சிங் பக்கத்துக்குப் பக்கம் விட்டுவைத்த இடைவெளிகள் நினைவுக்கு வரும். நடித்தவர்களில் பலர் கிராமத்து மக்களே. ‘மடி தா தீவா’வை 1989-ல் சுரிந்தர் சிங் படமாக்கினார். ராஜ் பப்பர் ஜக்சீராகவும் தீப்தி நவல் பானியாகவும் நடித்தார்கள், பங்கஜ் கபூரும் உண்டு. அதுவும் தேசிய விருது பெற்றது. நட்சத்திர முகங்கள் ஜக்சீரின் அழுக்கைக் கொஞ்சம் துடைத்துவிட்டன என்பது என் குறை. பங்கஜ் கபூருக்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

1998-ல் பத்மஸ்ரீ. 1999-க்கான ஞானபீடம் அவருக்கும் இந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மாவுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. பஞ்சாபியில் அம்ரிதா ப்ரீதமுக்கு அடுத்து அதைப் பெற்றவர் இவர்தான். விருதுகளுக்குப் பிறகும் ஜைத்துவை விட்டுப் போகவில்லை. 2016 ஆகஸ்ட் 16 அன்று பதிண்டாவில் காலமானார்.

ஜக்சீரின் வழக்கு அவரோடு முடிந்துவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பஞ்சாபில் ஏறத்தாழ 32 சதவீதம் தலித்துகள். இந்திய மாநிலங்களில் இதுதான் அதிகம். விளைநிலத்தில் அவர்கள் கையில் இருப்பதோ மிகச் சொற்பம். பஞ்சாயத்துப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று 1960-களிலேயே விதி வந்தது. ஆனால் ஏலத்தில் தலித் பெயரை முன்னால் நிறுத்திப் பின்னால் நிலக்காரரே பணம் கட்டுவது வழக்கமாக இருந்தது. 2014 வாக்கில் சங்ரூர் மாவட்டத்தில் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி என்ற அமைப்பு இதை எதிர்த்துத் தலித் குடும்பங்களைத் திரட்டியது. பல ஊர்களில் அந்த மூன்றில் ஒரு பங்கைச் சேர்ந்தே குத்தகைக்கு எடுத்துச் சேர்ந்தே பயிரிட்டார்கள். முன்வரிசையில் நின்றவர்களில் பெண்கள் அதிகம். அடுத்தவர் வரப்பில் புல் அறுக்கப் போய் ஏச்சு வாங்கியவர்களுக்கு, சொந்தமாகப் புல் அறுக்க ஒரு துண்டு நிலம் என்றால் என்னவென்று தெரியும். நந்தி உயிரோடு இருந்தால் அந்த ஊர்வலத்தில் நின்றிருப்பாளா என்று சும்மா யோசித்துப் பார்க்கலாம். நிற்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஜக்சீரை வீட்டில் விட்டுவிட்டு.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் ‘மடி தா தீவா’. சாகித்ய அகாதமி வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் பெயர் ‘தி லாஸ்ட் ஃப்ளிக்கர்’. முதல் சில அத்தியாயங்களில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே வீட்டுக்குள் பெயர்கள் வேகமாக வரும். சீரி என்ற சொல் வரும் இடமெல்லாம் மேலே போட்ட 20 மூட்டைக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும், அடிக்குறிப்பு தேவைப்படாது. அடுத்து ‘நைட் ஆஃப் தி ஹாஃப் மூன்’ என்ற பெயரில் கிடைக்கும் ‘அத் சானணி ராத்’. ‘குருட்டுக் குதிரை’க்கு முதலில் படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போவதுதான் சுலபம். ‘பர்ஸா’வைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், ராணா நய்யரின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.